முத்திரை குத்திய மகராசர்களுக்கு

பழைய பவர் சப்ளைகளில் உள்ள கெப்பாசிட்டர்களுக்கு எழுத்துப் பொறித்த மகராசர்களே, உங்களைப் போல எங்களை மதித்தவர் யாரும் இல்லை. புரிகிற மாதிரி எழுதிவைத்தால் பின்னால் வரும் மெக்கானிக் மூளை மழுங்கிப்போவான் என்று அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பெரிய மனசு இன்றைக்கு யாருக்கு வரும்?

சிக்கனத்தில் உங்களை மிஞ்ச முடியாது. 104 என்று மூன்றே எண். பத்துக்குப் பின்னால் நான்கு சுழியம் போட்டு, வருகிற 1,00,000 பிக்கோஃபாரடை 0.1 மைக்ரோஃபாரட் என்று படிக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் '2ஜி' என்றால் 400 வோல்ட், '2சி' என்றால் 160 வோல்ட். ஆங்கில ஜி-யின் உள்கோடு மட்டும் சூட்டில் அழிந்தால் அது சி ஆகிவிடும். லென்ஸை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் பொறுமையை எங்களுக்குப் பழக்கியவர்கள் நீங்கள்தான்.

எழுத்தே வேண்டாம், வண்ணம் போதும் என்று முடிவு செய்தவர்களின் ரசனையே தனி. சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்றால் 0.22 மைக்ரோஃபாரட். இரண்டு சிவப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட விடாமல் ஒரே அகலப் பட்டையாகத் தீட்டினீர்களே, கலையில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

கொடையிலும் நீங்கள் குறைந்தவர்கள் இல்லை. பழைய தகர டப்பாக்களில் 'எம்எஃப்' என்றால் மைக்ரோஃபாரட். முன்னால் இன்னோர் எம் சேர்ந்தால் பிக்கோஃபாரட். ஓர் எழுத்துக்குப் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்! அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். அதே போர்டில் இருக்கும் டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். நம்பி மாற்றிப் போட்டவனுக்கு ஷார்ட், புகை, சமயத்தில் நெருப்பு. எல்லாம் இலவசம்.

ஆனாலும் என் முழு வணக்கமும், அளவும் போடாமல் வோல்டேஜும் போடாமல், வாங்கிய கம்பெனியின் ஸ்டாக் எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுத்தவர்களுக்குத்தான். ரகசியம் காப்பதென்றால் அப்படிக் காக்க வேண்டும். இன்று அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும் பதிவேடும் இல்லை. எல்சிஆர் மீட்டர் கொள்ளளவைச் சொல்லும். எத்தனை வோல்ட் தாங்கும் என்று சொல்லாது. ஆகவே சர்க்யூட்டைத் தடம் பிடித்துப் போகிறோம். 230 வோல்ட்டை நேரே ரெக்டிஃபை செய்யும் இடமென்றால் உச்சம் 325 வரும். மெயின்ஸ் ஏறும் நாளையும் நினைத்து 450 வோல்ட் போடுகிறோம். மெயின்ஸுக்குக் குறுக்கே நிற்பதென்றால் எக்ஸ்2 வகைதான். டிசி 400 என்று போட்ட சாதாரண ஃபிலிம் அங்கே ஆகாது. நீங்கள் ஒரு வரி அச்சடித்திருந்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலை. அரை நாள் படிக்கும் பாக்கியத்தை எங்களுக்கு அருளினீர்கள்.

கடைசியாக உங்கள் அடக்கம். எண்ணெய் நிரப்பிய பழைய டப்பாவின் தையலோரம் பிசுபிசுப்பாகக் கசிகிறது. மேலே மைக்ரோஃபாரட் இருக்கிறது, வோல்ட் இருக்கிறது. உள்ளே இருப்பது பிசிபி என்கிற பாலிகுளோரினேட்டட் பைஃபினைலா இல்லையா என்பது மட்டும் இல்லை. புற்றுநோய் தரக்கூடியது, மண்ணிலும் உடம்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்குவது என்று 1979-இல் அமெரிக்கா அதன் தயாரிப்பையே தடை செய்தது. அத்தனை பெரிய சங்கதியைத் தற்பெருமை ஆகிவிடுமென்று டப்பாவில் சொல்லாமல் விட்டீர்கள். வெறுங்கையாலும் பழந்துணியாலும் அதைத் துடைத்த எங்கள் மூத்த மெக்கானிக்குகள் உங்களை ஒரு கேள்வி கேட்டதில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அந்த அடக்கம் கைவரவில்லை. 'பிசிபி இல்லை' என்று டப்பாவின் மேலேயே பச்சையாக அச்சடித்துவிட்டார்கள்.