துண்டுக்குள் விரல்

1984-ல் எனக்குப் பதினெட்டு வயது. ஈரோட்டில் நூலகத்துக்குப் போனால் 'தி இந்து' கைக்கு வர மதியம் ஆகிவிடும். நாலைந்து கை மாறி மடிப்புக் கலைந்து வரும். குறுக்கெழுத்தை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 1971-லிருந்து அந்தப் பேப்பரில் வந்துகொண்டிருந்த புதிர் அது. அப்போதெல்லாம் இங்கிலாந்தில் அமைத்ததை வாங்கிப் போடுவார்கள். நூலகப் பேப்பரில் எழுதக் கூடாது என்பதால் கட்டத்தை நோட்டில் வரைந்து, குறிப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். மறுநாள் விடை வரும். அது ஏன் விடை என்பது வராது.

ஒரு குறிப்பில் 'ஃப்ளவர்' என்று இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கப் பூப்பூவாகத் தேடினேன். மறுநாள் பார்த்தால் விடை ஓர் ஆற்றின் பெயர். அச்சுப்பிழை என்று நினைத்து நோட்டில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். 'ஃப்ளோ' என்றால் ஓடுவது, ஓடுகிற எதுவும் எழுத்தளவில் 'ஃப்ளவர்'தான் என்று விளங்க எட்டு மாதம் ஆயிற்று. விளங்கிய அன்றைக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. கருங்கல்பாளையம் பாலம் வரை சைக்கிளை மிதித்துப்போய்க் காவிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பூ அத்தனை நாளும் என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சொல்லிக் கொடுத்தவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர். நூலகத்தில் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நேரான அர்த்தம் எப்பவும் வாக்கியத்தோட ஒரு முனையில இருக்கும். தலையிலயோ வால்லயோ. மிச்சமெல்லாம் அதே சொல்லக் கட்டுற வழி" என்றார். அவ்வளவுதான். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இன்றும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அவர் சொன்னதும் எனக்கு அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஞாபகம் வந்தது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப் போவார். வாங்குகிறவரும் தரகரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும், சோளத்தட்டு விலையைப் பற்றிப் பேசும். விலை மட்டும் துண்டுக்குள் ஏறி இறங்கும். அப்புச்சி ஒரு தடவை என் கையையும் துண்டுக்குள் இழுத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து அழுத்தினார். காய்த்துப்போன அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது. "துண்டப் பாக்காத கண்ணு, வெரலப் புடி" என்றார்.

இப்படி ஒன்றைச் சொல்லி இன்னொன்றை ஒளிக்கிற 'கிரிப்டிக்' குறிப்பும் அதேதான். மேலே தெரிகிற வாக்கியம் துண்டு.

1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் பேப்பர் ஒன்றில் ஆர்தர் வின் போட்ட முதல் கட்டத்தில் துண்டெல்லாம் கிடையாது. நேராகக் கேள்வி, நேராகப் பதில். அதை 1920-களில் வாங்கி முறுக்கேற்றியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுதான்: காளமேகம் சிலேடை பாடிய மொழியில், தொல்காப்பியமே விடுகதைக்குப் 'பிசி' என்று பெயர் வைத்திருக்கிற மொழியில், இந்த விளையாட்டை நான் முதலில் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருந்தது. பிறகு தமிழில் கிடைத்தபோதும் அது ஈரோட்டிலிருந்து வரவில்லை. கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் வழியாக வந்தது.

தமிழில் இதன் கணக்கே வேறு. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் 'கா' ஒரு கட்டம், 'ம்' ஒரு கட்டம். ஆங்கிலத்தில் சொல்லைத் திருப்பிப் போட்டு வேறு சொல் ஆக்குவது சுலபம். தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, ஆனால் பல சொற்கள் மெய்யில்தான் முடிகின்றன. 'விகடகவி' மாதிரி அபூர்வமாகத்தான் திரும்பும். ஆனால் கலைத்துப் போடலாம்: 'குழம்பிப்போன நகரம் பாவிகளுக்கு (4)' என்றால் நரகம். 'தலை' என்று வந்தால் பெரும்பாலும் ஒரு சொல்லின் முதல் எழுத்து. ஒளித்தும் வைக்கலாம். நான் அமைத்தவற்றில் எனக்குப் பிடித்தது இது: 'மகாவிரிவுரைக்குள் ஓடும் ஆறு (3).'

போன மாதம் தம்பி மகளோடு பள்ளிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போனில் ஆங்கிலக் குறுக்கெழுத்து வைத்திருந்தாள். இப்போது 'தி இந்து'வுக்கு நம்மவர்களே புதிர் அமைக்கிறார்கள். இட்லியும் கிரிக்கெட்டும் கட்டத்துக்குள் வருகின்றன. அவளுக்குக் குறிப்பு பிடிபடவில்லை. விடையைத் திறக்கிற பொத்தானுக்கு விரல் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் பொறு சாமி" என்றேன்.

எட்டு மாதம் காத்திரு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. ஆனால் ஒரு பஸ் பயணம் போகிற நேரமாவது அந்தச் சொல் தலைக்குள் கிடந்து ஊற வேண்டும். பொத்தான் தருகிற விடை மறுநாள் பேப்பர் எனக்குத் தந்த அதே விடைதான். அன்றைக்கு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இவளுக்கு இருக்கிறது.

போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மகாவிரிவுரையைச் சொன்னேன். ஆறு என்றால் எண்ணா, நதியா என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. பஸ் பாலத்தில் ஏறியது. ஜன்னல் வழியே கீழே பார்த்தவள், "அட, காவிரிங்க பெரியப்பா!" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இறங்குவதற்குள் அவளுக்கு ஊர்ப்பெயரை உடைத்துக் காட்டினேன். பிரமனின் ஈர மண்டை ஓடு விழுந்த இடம், அதனால் ஈரோடு என்பார்கள் சிலர். பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்ற இரண்டு ஓடைகளால் ஈரோடை என்பார்கள் வேறு சிலர். ஒரே சொல், இரண்டு வெட்டு.

அன்று ராத்திரி போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அவளே அமைத்த முதல் குறிப்பு:

'கம்பன் தலையை வைத்து விதை போட்டால் விளைவது (3).'