சுரங்கத்தில் விஷம், துறைமுகத்தில் சரக்கு

ஆஸ்பெஸ்டாஸ் மண்ணுக்கடியில் கிடந்தால் ஆபத்து. கப்பலேறி வந்தால் வளர்ச்சி. 1986இல் அதைத் தோண்டப் புதிய குத்தகை தருவதை நம் அரசு நிறுத்தியது. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல்மீது அவ்வளவு கருணை! அதே நாரை ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் மூட்டை மூட்டையாக இறக்குவதற்கு மட்டும் தடை இல்லை. வெளிநாட்டு நார் இந்திய நெஞ்சுக்குள் போனால் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று யாரோ உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி ஆஸ்பெஸ்டாஸ் கழிவுத் தூளை இறக்குமதி செய்யக் கூடாது. கழிவென்று எழுதி வந்தால் குற்றம், கச்சாப்பொருள் என்று எழுதி வந்தால் வணிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோ எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று எப்போதோ சொல்லிவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன.

ராட்டர்டாம் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் ஒரு பொருள் ஏறினால் அதற்குத் தடை வந்துவிடாது. விற்கும் நாடு ஆபத்தை முன்கூட்டிச் சொல்லி, வாங்கும் நாட்டின் சம்மதத்தைப் பெற வேண்டும், அவ்வளவுதான். நாம் வாங்கும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை அந்தப் பட்டியலில் சேர்ப்பதை எதிர்த்தவர்களின் வரிசையில் இந்தியா பலமுறை நின்றது. சரக்கில் விஷம் இருக்கிறதென்று கடைக்காரர் சொல்ல வரும்போது வாடிக்கையாளரே பாய்ந்து அவர் வாயைப் பொத்துவதை வேறெந்தச் சந்தையில் பார்க்க முடியும்?

இனி வீட்டுக்கு வருவோம். இந்த ராஜதந்திரமெல்லாம் கடைசியில் வந்து படுப்பது ஏழையின் தலைக்கு மேல்தான். ஓலைக்கு அடுத்த படி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. சித்திரை வெயிலில் அடியில் இருப்பவர்களை வேகவைக்கும், ஐப்பசி மழையில் ஒழுகும். உடையாமல், உதிராமல் கிடக்கும் ஷீட்டால் பெரிய ஆபத்தில்லை. அதன்மேல் கை வைக்கும்போதுதான் வம்பு. டிஷ் மாட்டத் துளை போடுவது, கட்டர் வைத்து அறுப்பது, வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதற்குமுன் கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுவது, இவை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத நாரைக் காற்றில் கிளப்பும். பிறகு வீட்டம்மா விளக்குமாற்றால் பெருக்கி மிச்சத்தையும் எழுப்புவார்.

விதிமுறைக்குப் பஞ்சமா நமக்கு? நனைத்தபடி வேலை செய், மரையைக் கழற்றி முழுசாக இறக்கு, உடைக்காதே, நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசம் போடு, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, எச்சரிக்கை எழுதி, அதற்கென்று உள்ள இடத்தில் சேர். அருமை. ஆனால் மேஸ்திரியின் முகக்கவசம் வாயில் கட்டிய துண்டு. அந்த நுண்ணிய நார் துண்டைக் கண்டு சிரித்துக்கொண்டே உள்ளே போகும். "அதற்கென்று உள்ள இடம்" எங்கே என்று கேட்டால் குப்பை வண்டிக்காரருக்கும் தெரியாது, அவருடைய மேலதிகாரிக்கும் தெரியாது. ஆகவே உடைந்த ஷீட்டு சாக்கடைக்கு மூடியாகிறது, கோழிக்கூண்டுக்குக் கூரையாகிறது, மிச்சம் ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது.

இந்த விஷத்தின் பெரிய நற்குணம் பொறுமை. இன்று மூச்சில் போனது நோயாக வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகும். அதற்குள் இறக்குமதியாளர் பேரனுக்குக் கல்யாணம் செய்து வைத்திருப்பார். அனுமதித்த அமைச்சர் சிலையாகியிருப்பார். ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது நாற்பது ஆண்டு வைத்திருக்க வேண்டுமென 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஷீட்டை அறுத்த கொத்தனாரும் தூளை அள்ளிய சித்தாளும் எந்த ஆலையின் பதிவேட்டில் இருக்கிறார்கள்? இருமிக்கொண்டு போனால் பீடியை விடச் சொல்லி அனுப்பிவிடலாம். பீடி பிடிக்காத சித்தாளுக்கு வேறு ஏதாவது சொல்லலாம்.

உங்கள் வீட்டுக் கூரையில் ஷீட்டு இருந்தால் பதறிப்போய் உடைக்காதீர்கள். துளை போடாதீர்கள், சுரண்டாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், அதற்குமுன் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள்: "இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?" பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், கையெழுத்தோடு கேளுங்கள்.