சட்டிக்குப் பயந்து இமயமலை ஏறப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. போனை நோண்டிக்கிட்டே என்னமோ கேட்டியே, "தாத்தா, ஸ்பிரிங்ல போகட்டா, ஆட்டம்ல போகட்டா"ன்னு. எனக்குத் தெரிஞ்ச ஸ்பிரிங்கு சைக்கிள் சீட்டுக்கு அடியில இருந்து குத்துனது. தெரிஞ்ச ஆட்டம் கரகாட்டம். ரெண்டையும் வச்சு மலை ஏற முடியாது. சித்திரையா, புரட்டாசியான்னு கேளு, சொல்றேன்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. பட்டாளத்துல லாரி ஓட்டி, ஜோஷிமடத்துல ரெண்டு வருசம் குளிர்ல வெறச்சவன்டா நான். அந்த மலைக்கு எந்த மாசம் என்ன கோவம் வரும்னு, ஒங்க பாட்டி கோவத்தவிட நல்லாத் தெரியும்.

மொதல்ல நீ குறிச்சு வச்ச தேதியப் பாத்தேன். மே மாசம் ரெண்டாவது வாரம். அடடா, என்னா பொருத்தம்! சித்திரைக் கடைசிச் செவ்வாய் தொடங்கி எட்டு நாள் நம்ம கௌமாரியம்மன் திருவிழா. ஒனக்கு வேலை கெடச்சா அக்கினிச் சட்டி எடுப்பேன்னு ஒங்கம்மா ஒம்பேர்ல நேந்து வச்சிருக்கா. வேலை கெடச்சிருச்சு. கம்பம் நட்டு, பொம்பளைக முல்லையாத்துத் தண்ணி எடுத்து ஊத்தப் போற நேரத்துல, இவருக்குப் பனி பாக்கணுமாம். பனி கூப்புடுதா, சட்டி வெரட்டுதாடா?

சரி, மலைக்கும் ஞாயம் பேசுவோம். சித்திரையிலயும் அங்க அழகு உண்டு. பங்குனி, சித்திரையில புராஞ்ச மரம் ரத்தச் செவப்பாப் பூத்து நிக்கும். அந்தப் பூவுல சர்பத்துப் போட்டு விப்பாக. மேல பனி கெடக்கும், கீழ தண்ணி சலசலக்கும். ஆனா கேதாரம், பத்ரி நடை தொறக்குறதும் அப்பத்தான். ஊருபட்ட சனம் அந்த ஒத்த ரோட்டுலதான் ஏறும். தேருக்கு நிக்கிற கூட்டத்துக்குப் பயந்து ஓடுறவன், அந்தக் கூட்டத்துல போயி மாட்டிக்கிட்டு நிப்ப.

இன்னொன்னு நெருப்பு. பைன் மரம் ஊசி ஊசியா எலை உதுக்கும். கோடையில அது காஞ்சு சருகு மெத்தையாக் கெடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். 2024 ஏப்ரல்ல நைனிடால் பக்கம் காட்டுத் தீய அணைக்க ஹெலிகாப்டர்ல தண்ணி அள்ளி ஊத்துனாக. பொகை மூட்டத்துல எந்தச் சிகரத்தப் பாத்து நீ படம் புடிப்ப?

இங்க கொஞ்சம் சிரிப்ப நிறுத்திக்கிறேன். நம்ம போடிக்கு மேல குரங்கணி இருக்கே. 2018 மார்ச் 11, மாசிக் கடைசி. மலையேறிட்டு எறங்குன புள்ளைகளக் காஞ்ச புல்லுல புடிச்ச தீ வளைச்சிருச்சு. இருவதுக்கு மேல உசுரு போச்சு. மேட்ட நோக்கி நெருப்பு மனுசனவிட வெரசா ஓடும்டா. காஞ்ச மாசத்துல மலைக்குப் போகாதன்னு பெரியவுக சொன்னா, அது பழமை பேசுறது இல்ல.

இப்பப் புரட்டாசிக்கு வா. ஆனியிலருந்து ஆவணி முழுக்க அங்க மழை மலையப் பேத்துத் தள்ளும். புரட்டாசி பத்து தேதிக்கு மேல மழை மூட்டையக் கட்டிரும். தூசி, பொகை எல்லாம் கழுவி, வானம் வெளக்குன வெங்கலக் கும்பா மாதிரி பளிச்சுன்னு இருக்கும். சோப்தாவுலருந்து துங்கநாத் கோயிலு நாலு கிலோமீட்டருக்குள்ளதான். 3,680 மீட்டர் ஒசரம். அதுக்கு மேல சந்திரசிலா உச்சி. விடியக்காலம் அங்க நின்னா 7,816 மீட்டர் நந்தாதேவிய நேருக்கு நேரா பாக்கலாம். பூ இருக்காது, ஒத்துக்கிறேன். பூப் பள்ளத்தாக்கெல்லாம் ஆடி ஆவணியிலயே ஆடி முடிச்சிரும். ராத்திரிக் குளிரு எலும்ப எண்ணும், பொழுதும் சீக்கிரம் சாயும். ஒனக்கென்ன, காலையில ஒம்பது மணிக்கு எந்திரிக்கிற வழக்கத்த மட்டும் இங்கயே விட்டுட்டுப் போ.

இன்னொரு சௌரியமும் இருக்கு. புரட்டாசியில நம்ம வீட்டுல கறி கெடையாது. அங்கயும் வழி நெடுக ரொட்டியும் பருப்புந்தான். வெரதமும் கெடாது, ஒங்கம்மா வாயும் தெறக்காது.

வீராப்புல மட்டும் ஏறிறாத. மூவாயிரம் மீட்டருக்கு மேல, இன்னிக்குப் படுக்குற எடம் நேத்துப் படுத்த எடத்தவிட ஐநூறு மீட்டருக்கு மேல ஒசந்துறக் கூடாது. தலைவலி, வாந்தின்னு வந்தா அன்னிக்கு ஏத்தம் கெடையாது. கொறையலன்னா கீழ எறங்கீரு. மலை எங்கயும் போகாது.

அப்புறம் அந்தச் சூ. எட்டாயிரம் ரூவான்னு சொன்ன. வெலை அட்டைய இன்னும் கழட்டல, கட்டிலுக்கு அடியில சாமி மாதிரி இருக்கு. புதுச் சூவோட மலைக்குப் போனா மொத நாளே குதிங்கால் கொப்புளிச்சு, கோவேறு கழுதையில ஏத்தித்தான் ஒன்னய எறக்குவாக. நாளையிலருந்து காலையில தடுப்பணை வரைக்கும், அப்புறம் வயக்காட்டு வரப்புல, தெனம் ஒரு மணி நேரம் அதப் போட்டுக்கிட்டு நட. பாக்குறவுக சிரிப்பாக. சிரிக்கட்டும்.

ரயில்ல அறுவது நாளைக்கு முன்னாடிதான் டிக்கெட்டு போட முடியும். ஆடிப் பதினெட்டு அன்னிக்குப் போட்டா காந்தி ஜெயந்தி அன்னிக்கு வண்டி ஏறலாம். வயலுக்குத் தண்ணி நான் பாச்சிக்கிறேன். ஐப்பசி மழை இங்க எறங்குறதுக்குள்ள ஊரு வந்து சேரு, அறுப்புக்கு ஆளு வேணும்.

ஆக, சித்திரையில சட்டி, புரட்டாசியில மலை. மொதல்ல போயி அந்த அட்டையக் கழட்டு.