நம்பினால் நம்புங்கள்!

கேள்வி: விந்தைத் துணுக்குகளை வியாபாரமாக்கியது யார்? நம்ம பதுளைப் பக்கம் அப்படி ஏதும் உண்டா?
– தோட்ட வாசகர், பசறை

பதில்: அமெரிக்கர் ராபர்ட் ரிப்ளி. 1918இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் விளையாட்டு விசித்திரங்களைக் கார்ட்டூனாகப் போட்டார். பிறகு வானொலி, 1933இல் சிகாகோ கண்காட்சி, தொலைக்காட்சி என்று கடை விரிந்தது. நூலகத்தில் உட்கார்ந்து தகவல் தேடியவர் நோர்பர்ட் பேர்ல்ரோத், பேர் ரிப்ளிக்கு. கொழுந்து பறிப்பவர் ஒருவர், தேயிலைப் பெட்டியில் பேர் இன்னொருவருக்கு, உங்களுக்குத் தெரியாததா?

பதுளைப் பக்கமா? தெமோதரை ஸ்டேஷனில் நின்று புறப்படும் பதுளை ரயில், மலையைச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். மேலே இருப்பவருக்கும் குறி தவறவில்லை!