கேளுங்க... கேட்கும்!

கேள்வி: மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை நேராக மிக்ஸரில் சொருகி வாசிக்கிறேன். என் வாசிப்பு எனக்கே கேட்பதில்லை. மாற்று ஏற்பாடாகச் சொந்தத்தில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாம் என்றிருக்கிறேன். 10 அங்குலமா, 12-ஆ, 15-ஆ?
– கச்சேரி கிட்டாரிஸ்ட், போடிநாயக்கனூர்

பதில்: 8 மில்லிமீட்டர் ஏலக்காய்க்குத் தனி மவுசு உள்ள ஊர்க்காரர் நீங்கள். பெரிசென்றால் உசத்தி என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்கு 10 அங்குலம் தாராளம். 15 அங்குலம் கூட்டத்தின் நெஞ்சைத் தட்ட. உங்களுக்கு வேண்டியது உங்கள் காதுக்கு ஒரு சேதி, அவ்வளவுதான். தவிர, 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டில் ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்கப்போவது யார்? ஒற்றைக் கையால் தூக்க முடிகிற, ஆம்ப் உள்ளேயே இருக்கிற பெட்டியாகப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கடைக்காரர் 2000 வாட் என்கிறார். இன்னொருவர் 500 வாட் என்கிறார். யாரை நம்ப?
– தேவாரம் வாசகர்

பதில்: இரண்டு பேரும் ஒரே பெட்டியைச் சொல்லியிருக்கவும் கூடும்! பெரிய எண் கண்ணிமைக்கும் நேர உச்சம். தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்; பாதி வீரம் அங்கேயே இறங்கிவிடும். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். 2 மீட்டரில் இருக்கும் பெட்டியை 1 மீட்டருக்கு இழுத்து வைத்தால், திறந்த வெளியில் 6 டெசிபல். நாலு மடங்கு வாட் வாங்கிய பலன், செலவு ஒரே ஒரு எட்டு. பெட்டியை மல்லாத்தினாற்போலச் சாய்த்து, ட்வீட்டர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது.

கேள்வி: வீட்டில் பழைய கிட்டார் ஆம்ப் சும்மா கிடக்கிறது. பெடலுக்கு அதையே மானிட்டராக்கினால் என்ன?
– சின்னமனூர் வாசகர்

பதில்: ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, மைக் எல்லாவற்றின் குணத்தையும் உங்கள் பெடலே கலந்துதான் அனுப்புகிறது. அதை மறுபடி கிட்டார் ஆம்பின் முகப்பில் சொருகுவது, கறிக்குழம்பில் இரண்டாம் முறை மசாலா கொட்டுகிற கதை. அந்த ஆம்ப்தான் என்றால் பெடலில் 'ஆம்ப்', 'கேபினெட்' வசதிகளை அணைத்துவிடுங்கள். மானிட்டர் பெட்டி என்றால் மறக்காமல் போடுங்கள். அணைந்த நிலையில் மானிட்டரில் வாசித்தால், பாட்டிலுக்குள் மாட்டிய ஈ மாதிரி ஒலிக்கும்.

கேள்வி: மானிட்டர் வந்த நாளிலிருந்து என் மைக் ஊளையிடுகிறது. கிட்டார்க்காரர்தான் காரணமா?
– பாடகர், உத்தமபாளையம்

பதில்: வைத்த இடம்தான் காரணம். மைக்கிற்கும் முதுகு உண்டு. கார்டியாய்டு மைக் என்றால் அதன் நேர் பின்புறம் செவிடு. மானிட்டரை அங்கே வையுங்கள். சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களும் செவிடு. நேர் பின்னால் கொஞ்சம் காது கேட்கும். நீங்களும் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பாடாதீர்கள். பொத்தினால் அது எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், எதிர்வீட்டுக்காரர் மாதிரி.

கேள்வி: போன திருவிழாவில் பாதிப் பாட்டில் மிக்ஸர் படுத்துவிட்டது. மாற்று மானிட்டர் பக்கத்திலேயே இருந்தும் அதுவும் ஊமை. ஏன்?
– எஸ்டேட் கோயில் கமிட்டி, பூப்பாறை

பதில்: அந்த மானிட்டருக்குச் சோறு போட்டதே மிக்ஸர்தானே! முதல் ஆள் விழும்போது கூடவே விழுகிறவனை மாற்று ஆள் என்று சொல்ல முடியுமா? பெரும்பாலான பெடல்களில் வெளியே போக இரண்டு வழி உண்டு. ஒன்று மிக்ஸருக்கு, மற்றது நேராக உங்கள் பெட்டிக்கு. பெட்டியில் இரண்டாவது சேனலும் இருந்தால் ஒரு மைக்கையும் சொருகலாம். மிக்ஸர் படுத்தால், பெட்டியை நாற்காலியில் தூக்கி வைத்துக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். ஜெனரேட்டரும் மிக்ஸரும் சண்டை போட்டு முடிக்கும்வரை தாக்குப்பிடிக்கும். கரண்டே போகிற இடம் என்றால் பேட்டரி உள்ள பெட்டி. ஒரு எச்சரிக்கை: இரைச்சலைப் போக்க எர்த் பின்னை ஒடிக்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம். கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிறவனுக்கு உயிர்க்காப்பே அந்தப் பின்தான்.

கேள்வி: மலைப் பனியில் பெட்டிக்குச் சட்டை போடணுமா?
– ஜீப் டிரைவர், போடிமெட்டு

பதில்: கட்டாயம். அதைவிட, ராத்திரியெல்லாம் குளிர்ந்த பெட்டியைக் காலையில் போடி வெக்கைக்கு இறக்கினால் உள்ளே வியர்க்கும். ஒரு மணி நேரம் ஆறப்போட்டு அப்புறம் கரண்ட் கொடுங்கள். ஏலக்காயையே ஸ்டோரில் காயவைத்துத்தானே மூட்டை கட்டுகிறோம்?

கேள்வி: பாவலர் காலத்தில் மானிட்டர் இருந்ததா?
– பண்ணைப்புரம் வாசகர்

பதில்: 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடையே இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பாடினார், ரோசம்மா ஜெயித்தார். மேடை மானிட்டர் அன்று புழக்கத்திலேயே இல்லை. ஏழு வருஷம் கழித்து, 1965 ஆகஸ்ட் 15-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோதும் இல்லை. ரசிகர் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னால் நிற்பவர்களின் முதுகாட்டத்தைப் பார்த்துப் பாட்டின் இடத்தைப் பிடித்தார். மடியில் ஆர்மோனியம் வைத்துப் பாடுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. காதுக்கும் சுருதிக்கும் ஒரு முழம்தான் தூரம்.

கேள்வி: ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்கிறார்களே, மானிட்டரை மட்டும் போட்டுக்கொள்ளலாமா?
– மாப்பிள்ளையின் அண்ணன், கம்பம்

பதில்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி திறந்த வெளியில் 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குப்புறப் படுத்தாலும் ஸ்பீக்கர் ஸ்பீக்கர்தான், அண்ணே.

கேள்வி: இத்தனை ஆயிரம் கொட்டி அவருக்கு எதற்கு இந்தப் பெட்டி? வீட்டில் நான் சொல்வதே அவருக்குக் கேட்பதில்லை.
– முதல் கேள்விக்காரரின் மனைவி

பதில்: அதற்காகத்தான் தாயே! தன் வாசிப்பு கேட்காதவன் சத்தத்தைக் கூட்டுவான். அதைக் கேட்டு டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்குகிற காதுக்கு, 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் கெடு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. சின்னப் பெட்டி பக்கத்தில் இருந்தால் மெதுவாக வைத்தாலே போதும். வாங்கிக் கொடுங்கள். அதன் பிறகும் நீங்கள் சொல்வது கேட்கவில்லை என்றால், அது காதுக் கோளாறு இல்லை.