பிஸ்கோத்துப் பிரபு

(இந்த இதழில் வந்த கேள்விகளில் பாதி, இத்தாலிய நாவல் ‘தி லெப்பர்ட்’ பற்றியே. யாரோ ஒருத்தர் படித்துவிட்டு ஊரையே கிளப்பிவிட்டிருக்கிறார். வாழ்க!)

கே: ‘தி லெப்பர்ட்’ கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்? – கும்பகோணம் வாசகர்

ப: 1860, சிசிலித் தீவு. இத்தாலியை ஒன்றாக்கப் போராடும் கரிபால்டி ஆயிரம் பேரோடு வந்து இறங்குகிறார், ஆட்சி மாறுகிறது. சலீனா பிரபுவிடம் பட்டம் உண்டு, பணம் கரைகிறது. ஊர் மேயர் செதாராவிடம் பணம் உண்டு, மாமனார் பெயரைச் சபையில் சொல்ல முடியாது. பிரபுவின் சகோதரி மகன் தான்கிரெடிக்கு மேயர் மகள் ஆஞ்செலிகாவைக் கட்டிவைக்கிறார்கள். சுபம்!

கே: மாமன் மகள் கான்செட்டா காத்திருக்கும்போது தான்கிரெடி இப்படிச் செய்யலாமா? – மதுரை வாசகி

ப: மாமனுக்குப் பிள்ளைகள் ஏழு. கரையும் சொத்தை ஏழாக வகுத்தால், அரசியலில் குதிக்கப்போகும் பையனுக்குக் கால்செருப்புக்கும் காணாது. ஆஞ்செலிகா ஒற்றை மகள், வகுத்தலே கிடையாது. அவள் பேரழகி என்பது உபரி வருமானம். கொடுமை என்னவென்றால், இந்தக் கணக்கை முதலில் போட்டு முடித்தவர் கான்செட்டாவைப் பெற்ற அப்பா.

கே: செதாரா உழைத்து முன்னுக்கு வந்தவர்தானே? அவரை ஏன் கிண்டல் செய்கிறார்கள்? – கோவை வாசகர்

ப: உழைத்தார் ஐயா, பிரபுக்கள் குறட்டை விட்ட நேரமெல்லாம் உழைத்தார். சிசிலியில் 1812-இல் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை கைமாற வழியில்லாத பண்ணைகள் சந்தைக்கு வந்தன. கடனில் மூழ்கிய துரைமார் விற்றார்கள், குத்தகைக்காரர்களும் கணக்குப்பிள்ளைகளும் வாங்கினார்கள். கதை தொடங்கும்போது செதாராவின் வருமானம், அந்த ஊரில் பிரபுவுக்கு வரும் வருமானத்தை எட்டிப்பிடிக்கிறது. கிண்டல் செய்யாமல் வேறென்ன செய்வார்கள் பாவம்?

கே: பட்டம் இல்லாத குறை அவருக்கு இருந்ததா? – நாகர்கோவில் வாசகர்

ப: இல்லாமலா! சம்பந்தம் பேசும் இடத்தில், தாங்களும் ‘செதாரா டெல் பிஸ்கோத்தோ’ என்ற பிரபு வம்சம்தான் என்று ஒரு போடு போடுகிறார். ஆவணமெல்லாம் பக்காவாம், நடுவில் ஒரே ஒரு காகிதம்தான் பாக்கியாம். பிஸ்கோத்து!

கே: பிரபு உண்மையில் எதற்குப் பயந்தார்? புரட்சிக்கா? – சேலம் வாசகி

ப: கோட்டுக்கு. விருந்துக்கு வரும் ஊர்க்காரர்கள் கூசக்கூடாதென்று பிரபு எளிய உடையில் நிற்க, செதாரா வால்கோட்டு மாட்டிக்கொண்டு படியேறுகிறார். கரிபால்டி மார்சாலாவில் இறங்கிய சேதிகூடப் பிரபுவை இவ்வளவு உலுக்கவில்லை என்கிறது நாவல். அப்புறம், அந்தக் கோட்டின் தையல் படுமோசம் என்று கண்டதும்தான் மனிதருக்கு மூச்சு வருகிறது.

கே: அந்த ஊர் ஏழைகள் என்ன நினைத்தார்கள்? – தஞ்சாவூர் வாசகர்

ப: ஒன்றுபட்ட இத்தாலியோடு சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்ததே. பட்டியலில் 515 பேர், விழுந்த வாக்கு 512, ‘ஆம்’ 512, ‘இல்லை’ பூஜ்யம். ஆனால் ‘இல்லை’ என்று போட்ட மனிதர் ஒருவர் நாவலிலேயே நடமாடுகிறார்: தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டான் சிச்சியோ. வேட்டைத் துணையான அவர், பிரபுவிடமே பொருமித் தீர்க்கிறார். முடிவை அறிவித்த மேயர் யாரென்று மறுபடி சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. தான்கிரெடி–ஆஞ்செலிகா சம்பந்தம் கேள்விப்பட்டுப் பிரபுவைவிட அதிகம் துடித்தவரும் இதே சிச்சியோதான். வம்சப் பெருமைக்கு மார்தட்ட எப்போதும் வம்சமில்லாத ஒருவர் கிடைத்துவிடுகிறார். பரிசு? சேதி வெளியே போய்விடாதபடி, பிரபு அவரைத் துப்பாக்கி அறையில் நாய்களோடு அடைத்துவைக்கிறார்.

கே: நாவலாசிரியர் எந்தப் பக்கம்? – திருநெல்வேலி வாசகர்

ப: ஜுசெப்பே தோமாசி தி லம்பெதூசா அசல் பிரபு. ஆனால் பெயரிலுள்ள தீவைக் குடும்பம் எப்போதோ மன்னருக்கு விற்றாயிற்று. பலெர்மோ மாளிகை 1943-இல் குண்டுவீச்சில் போயிற்று. பட்டம் செல்லாதென்று 1948-இல் இத்தாலிய அரசியலமைப்பே கைவிரித்தது. அதன்பிறகுதான் எழுத உட்கார்ந்தார். இரண்டு பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1957-இல் இறந்தார். 1958-இல் நாவல் வந்தது, மறு ஆண்டு ஸ்த்ரேகா இலக்கியப் பரிசும் வந்தது. அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து அது. கையெழுத்துப் போட்டு வாங்கத்தான் ஆளில்லை.

கே: படம் பார்க்கலாமா? – சென்னை வாசகி

ப: அவசியம். 1963, கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்றது. பிரபுவாக நடித்த பர்ட் லங்காஸ்டர், நியூயார்க்கின் ஏழைப் பேட்டையில் வளர்ந்து சர்க்கஸில் குட்டிக்கரணம் போட்டவர். இயக்கிய விஸ்கான்டி பிரபு குலம். அவர் அம்மா? மருந்துக் கம்பெனி முதலாளி வீட்டுப் பெண். செதாரா கதையை எடுக்கச் சரியான ஆள்!

கே: கடைசியில் ஜெயித்தது யார்? – புதுச்சேரி வாசகர்

ப: ஆஞ்செலிகா. நாவல் 1910-இல் முடிகிறது. கரிபால்டி வந்த 50-ஆம் ஆண்டு விழா ஏற்பாடுகளில் அம்மணி ஓடியாடிக்கொண்டிருக்கிறார். கல்யாணமே ஆகாத கான்செட்டாவுக்கு அந்த விழாவில் ஓர் இருக்கை வாங்கித் தருகிறார்.