நீல மாளிகையில் குடியிருந்தவர்கள்

பினாங்கில் ராஜாவின் அரண்மனை கிடையாது. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து கொடியேற்றும்வரை இந்தத் தீவு கெடா சுல்தானுடையது. அவர் அரண்மனையும் கெடாவிலேயே இருந்தது. அதனால் ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் அரண்மனை பார்க்க ஆசைப்பட்டால், வியாபாரிகள் கட்டிய வீடுகளைத்தான் காட்டுவோம். அதிலும் முதலில் கைகாட்டுவது லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸேயின் நீல மாளிகையை. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள். கட்டணம் கட்டிவிட்டு, வழிகாட்டியின் பின்னால் போய்ப் பார்க்கலாம். இப்போது அது தங்கும் விடுதியும்கூட.

எனக்கு அது ரொட்டி போடுகிற வீடு. எழுபதுகளின் கடைசியில் என் மாமா சைக்கிளில் பெங்காளி ரொட்டி விற்றார். பள்ளி விடுமுறையில் நானும் பின் கேரியரில் தொற்றிக்கொள்வேன். பக்கவாட்டுக் கதவருகே வண்டியை நிறுத்திவிட்டு, "டேய், உள்ள போய் அந்தப் பாட்டிகிட்ட குடுத்துட்டு, பழைய பாக்கியையும் வாங்கிட்டு வா" என்பார். உள்ளே பெரிய கூடத்தைப் பலகை அடித்துத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பம், ஓர் அடுப்பு. மாடி வராந்தா முழுக்க மூங்கில் கழிகளில் துணி காயும். கருங்கல் பாவிய முற்றத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், அவற்றுக்கு நடுவே பிள்ளைகள் ஓடுவார்கள். சுவர் என்ன நிறம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பாசி நிறம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சியோங் ஃபாட் ட்ஸே குவாங்துங் மாநிலத்து ஹக்கா சீனர். இளம் வயதில் பத்தாவியாவுக்கு வந்து, தண்ணீர் சுமந்து பிழைப்பைத் தொடங்கினார் என்பார்கள். பிறகு தோட்டம், கப்பல், வங்கி என்று வளர்ந்து, பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதராகவும் இருந்தார். 1916-இல் அவர் இறந்தபோது ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்கள் கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று அவர் உயில் எழுதியிருந்தார். அந்த உயில்தான் வீட்டைக் காப்பாற்றியது. பராமரிக்கப் பணமில்லாமல் அறை அறையாக வாடகைக்கு விட்டார்களே ஒழிய, இடித்துக் கட்டடம் எழுப்ப யாரிடமும் கொடுக்க முடியவில்லை. 1989-இல் அந்த மகன் காலமான பிறகு, கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் சேர்ந்து வாங்கிப் புதுப்பித்தார்கள். 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

வேலை எவ்வளவு நேர்த்தி என்பதை மகளோடு போனபோதுதான் நின்று பார்த்தேன். அந்த நீலம் கடையில் வாங்கிய பெயின்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்தது. அந்தக் காலத்தில் அந்த அவுரி இந்தியாவிலிருந்து வந்தது. இந்த ஊர் ஈரத்துக்குச் சுண்ணாம்புதான் சரி. சுவர் இழுத்த நீர் அதன் வழியாக ஆவியாகிவிடும். நவீன பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உரிந்து விழும். கூரை விளிம்பில் இருக்கிற பூக்களையும் பறவைகளையும் அண்ணாந்து பார்த்தால் வெறும் சிற்பம் என்று தோன்றும். அத்தனையும் பீங்கான் கிண்ணத் துண்டுகள். வண்ணக் கிண்ணங்களைக் குறடால் இதழ் இதழாக நறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். புதுப்பிக்கும்போது இதற்கென்றே சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள்.

மகளுக்கு இந்த வீடு 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் மாஜாங் ஆடுகிற காட்சி எடுத்த இடம். "இங்கயாப்பா ரொட்டி போட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். பாட்டியின் தடுப்பு இருந்த மூலையைக் காட்டினேன். இன்று அங்கே ஒரு கருங்காலி நாற்காலி இருக்கிறது.

அந்த நாற்காலி மேல் எனக்கு வருத்தமில்லை. வீடு மீண்டதில் உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தடுப்புகளில் இருந்தவர்களும் சியோங்கைப் போலக் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். அவர் தண்ணீர் சுமந்தார் என்றால் இவர்கள் மூட்டை சுமந்தார்கள், தள்ளுவண்டியில் மீ விற்றார்கள். அவர் சுமந்த தண்ணீர் கதையாகிவிட்டது. இவர்கள் சுமந்த மூட்டைக்குக் கதை இல்லை. தினமும் சன்னலைத் திறந்து மூடி, ஒழுகிய இடத்தில் தகரம் வைத்து, அந்த வீட்டை ஆள் வாழும் வீடாக வைத்திருந்தவர்கள் இவர்கள்தானே!

ஊர் முழுக்கவே இப்படித்தான் நடந்தது. 2000 சனவரியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், குறைந்த வாடகையில் கடைவீடுகளின் மாடிகளில் தலைமுறையாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபு நகரமானபோது, அந்த மரபை வாழ்ந்த பலர் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அன்று முற்றத்தில் ஓடிய பிள்ளைகளுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அவர்களோடு யாராவது உட்கார்ந்து பேசிப் பதிவு செய்ய வேண்டும். எந்த அறைக்கு என்ன வாடகை, குழாயடியில் யாருக்கு முதல் முறை, அடைமழையில் துணியை எங்கே உலர்த்தினார்கள் என்று கேட்க வேண்டும். பினாங்கு தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளிலும் இதே வேலை பாக்கி இருக்கிறது. பகலில் பெட்டிக்கு முன் உட்கார்ந்து கணக்கெழுதி, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்த உதவியாளர்களான அடுத்தாட்களில் சிலராவது இன்னும் நம்மோடு இருக்கக்கூடும். அவர்களிடம் முதலில் போகலாம்.